தலைக்கு மேல் ஒரு அடுப்பு!

இரவு மணி பத்து. மின்சார விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஜன்னல் திறந்து கிடக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. குழந்தை அழுகிறது. பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

"காற்றே இல்லை" என்கிறோம். குற்றவாளி காற்று மட்டும் அல்ல. தலைக்கு மேல் இருக்கும் கூரை!

அனல் பாயும் விதம்

வெப்பம் காற்றின் மூலம் மட்டும் நம்மிடம் வருவது இல்லை. சூடான பொருளில் இருந்து நேராகவும் பாயும்.

விறகு அடுப்பின் முன் உட்கார்ந்து பாருங்கள். முகம் எரியும். முதுகில் சூடு தெரியாது.

காங்கிரீட் கூரையும் அப்படித்தான். பகல் எல்லாம் வெயிலைக் குடிக்கிறது. மாலையில் இருந்து அதைக் கீழே கக்குகிறது. விசிறி வியர்வையை உலர்த்தும். கூரையின் அனலைத் தடுக்காது.

கூரையா, சுவரா?

டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பாங்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-ம் ஆண்டை ஒட்டி இதைச் சோதித்தார்கள். ஆட்களை அறையில் உட்கார வைத்தார்கள். சில நேரம் சுவரைச் சூடாக்கினார்கள். சில நேரம் கூரையைச் சூடாக்கினார்கள்.

சுவரின் சூட்டை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். கூரையின் சூட்டைப் பொறுப்பது இல்லை!

இன்றைய சர்வதேச விதியும் அதையே சொல்கிறது. சூடான சுவர் என்றால், இரு பக்கத்து அனலுக்கும் 23 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். சூடான கூரை என்றால், மேலுக்கும் கீழுக்கும் 5 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். மொட்டை மாடியை மறந்துவிடுகிறோம். உண்மையில் வெள்ளை அதிகம் தேவைப்படும் இடம் அதுதான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

சிலர் மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அது நடக்குமா?

(ஆஸ்பெஸ்டாஸ் கூரை மீது யாரும் ஏற வேண்டாம். உடைந்து விழும் ஆபத்து உண்டு.)

வாடகைக்குக் குடி இருப்பவர் மாடியில் கை வைக்க முடியாது. வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். அவர் கீழ் வீட்டில் குளுகுளு என்று தூங்குகிறார். மேல் வீட்டில் குழந்தை அழுவது அவருக்குக் கேட்பது இல்லை!

தெலுங்கானா அரசாங்கம் 2023-ம் ஆண்டில் குளிர்ந்த கூரைகளுக்கு என்று ஒரு கொள்கையே வகுத்தது. அது நல்ல வழி. ஆனால் சட்டம் வரும் வரை காத்திருப்பானேன்?

மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். வீட்டுக்காரர்களே, அதற்கு முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வாடகை வாங்கும் கைக்கு அது பெரிய செலவு அல்ல. ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்.