எலும்பு எவ்வளவு, ஊகம் எவ்வளவு?

டைனோசாரின் படத்தைப் பார்க்காத மாணவர் இன்று எவரும் இல்லை. பாடநூல், பென்சில் பெட்டி, திரைப்படம் என எங்கும் அது வாயைப் பிளந்து நிற்கிறது. தோலின் நிறமும் முதுகின் வரிகளும் நேரில் பார்த்து வரைந்தவை போலவே தோன்றும். ஆனால் மண்ணிலிருந்து கிடைப்பவை பெரும்பாலும் சில எலும்புகளே. மற்றவற்றை நாம் நிரப்புகிறோம். நிரப்புவதில் தவறில்லை. எது கிடைத்தது, எது நிரப்பப்பட்டது என்று சொல்லாமல் விடுவதே தவறு என்பது என் கருத்து.

இரண்டு கால்களால் நடந்த, பெரும்பாலும் ஊன் உண்ட டைனோசார்களைத் தெரோப்பாடுகள் என்பர். டிரானோசாரஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இன்றைய பறவைகளும் இவற்றின் வழித்தோன்றல்களே. ஒரு தெரோப்பாடுக்கு உருவம் கொடுப்பது வெறும் கற்பனை வேலை அன்று. எலும்பின் மேலுள்ள சொரசொரப்பான தழும்புகள் தசை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டும். விடுபட்ட உறுப்புக்கு நெருங்கிய இனத்தின் எலும்பு வழிகாட்டும். இயற்பியலும் துணைக்கு வரும்.

1915-ஆம் ஆண்டு நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டிரானோசாரஸின் எலும்புக்கூட்டை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார்கள். தலைமுறைகள் அந்தத் தோற்றத்தையே நம்பின. ஆனால் வாலெலும்புகளின் மூட்டுகள் அவ்வளவு வளைய இடம் தருவதில்லை. பாறையில் பதிந்த காலடித் தடங்களிலும் வால் இழுபட்ட கோடு அரிதாகவே காணப்படுகிறது. இடுப்பைத் தராசின் முள்ளாகக் கொள்ளுங்கள். முன்னே கனத்த தலையும் மார்பும். பின்னே நீண்ட வால். இரு பக்கத்துத் திருப்புத்திறன்களும் சமமானால் உடல் கிடைமட்டமாக நிற்கும். 1990-களில் அந்த எலும்புக்கூட்டை அவ்வாறே மாற்றி அமைத்தனர். சீனாவில் 1996-இல் அறிவிக்கப்பட்ட சைனோசாரப்டெரிக்ஸ் என்னும் சிறு தெரோப்பாடின் உடலில் மெல்லிய இறகிழைகள் பதிந்திருந்தன. 2010-இல் அவற்றிலுள்ள நுண்ணிய நிறமித் துகள்களைக் கொண்டு, அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்றும் கண்டனர். ஊகம் என்று ஒப்புக்கொண்டதால்தான் இவை திருத்தப்பட்டன.

இதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. திருச்சி கைலாசபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேடு கிராமத்தை அடைந்துவிடலாம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகள் அங்கே உள்ளன. அவ்விடத்தில் கிடைத்த பேரெலும்புகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் விவரித்தனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்கால் எலும்பு, வாலெலும்பு ஆகியவை அவற்றில் இருந்தன. கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! பேருடல் படைத்தது என்னும் பொருளில் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டு, அதைத் தெரோப்பாடு இனத்தில் சேர்த்தனர்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரிய டிரானோசாரஸின் கணைக்கால் எலும்பு சுமார் 1.1 மீட்டர், எடை சுமார் 8 டன். அதே வடிவத்தை 1.8 மடங்கு பெரிதாக்கினால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 3.2 மடங்காகும். எடையோ 5.8 மடங்காகிவிடும். அதாவது 46 டன்னுக்கு மேற்பட்ட உடலை இரண்டே கால்கள் சுமக்க வேண்டும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமை 1.8 மடங்கு கூடும். பெரிய பிராணிக்கு ஒப்பளவிலும் தடித்த எலும்பு தேவை என்று கலிலியோ 1638-லேயே விளக்கியிருந்தார். இந்தக் கணக்கு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆனால் ‘இது இருகாலிதானா?’ என்ற கேள்வியை எழுப்ப இது போதும். 1995-இல் சங்கர் சாட்டர்ஜி இதை நீண்ட கழுத்தும் நான்கு தூண் கால்களும் கொண்ட, தாவரம் உண்ணும் சாரோப்பாடு என்று கருதினார். இன்று பலரும் ஏற்பது இதையே.

அந்த எலும்புகளை எடுத்து மீண்டும் அளந்து பார்க்கலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. அவை நொறுங்கி அழிந்துவிட்டன என்று 2017-இல் எழுதப்பட்டது. அவை எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. சாத்தனூரில் நீண்ட கல்மரம் கிடக்கும் வட்டாரமல்லவா இது! எஞ்சியிருந்த பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளிவந்த பிறகே அந்த ஐயம் பெரிதும் தணிந்தது. ஒரு வேளை உலகின் மிகப் பெரிய நிலப் பிராணிகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய உயிருக்கு இன்று சாட்சி சொல்பவை சில புகைப்படங்களும் வரைபடங்களும் அளவுகளுமே.

இதே கல்லமேட்டுப் படிவில் கிடைத்த ஒரே ஒரு பல்லைக் கொண்டு, டிரூடான்டிட் என்னும் சிறு தெரோப்பாடு இனம் இங்கு வாழ்ந்தது என்று 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதுவரை வடபாதிக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்ட இனம் அது. பல் பத்திரமாக இருப்பதால் நாளை எவரும் அதைச் சோதித்து மறுக்கலாம், அல்லது உறுதிப்படுத்தலாம். பேரெலும்பு தர முடியாத உறுதியை ஒரு சிறு பல் தருகிறது!

ஆகவே இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும். முதலாவது, பாடநூலிலோ அருங்காட்சியகத்திலோ டைனோசாரின் உருவத்தை வைப்பவர்கள், பக்கத்திலேயே ஒரு சிறு வரைபடத்தில் கிடைத்த எலும்புகளை மட்டும் கறுப்பாகத் தீட்டிக் காட்ட வேண்டும். இதனால் பிள்ளைகளின் வியப்பு குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். குறையாது. நான்கு எலும்பிலிருந்து ஓர் உடலை எழுப்பிய அறிவைக் கண்டு வியப்பு கூடவே செய்யும். இரண்டாவது, கிடைத்த எலும்பைப் புகைப்படம், அளவு, அச்சு வார்ப்பு ஆகிய மூன்று வழிகளிலும் உடனே பதிவு செய்து பாதுகாக்க வேண்டும்.

இதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. அரியலூர்ப் பக்கம் ஓடையிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் அருகிலோ விசித்திரமான கல்லைக் கண்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து வரையலாம். எலும்பு நொறுங்கினால் அதை மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது.