வீட்டின் விலையே பள்ளியின் தரமா?

அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடுகளின் விலை குறைந்த வட்டாரத்தில் பள்ளியும் ஏழைப் பள்ளியாகிறது.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், 1967-68ஆம் கல்வியாண்டுக் கணக்கைப் பார்த்தாலே நெஞ்சு கொதிக்கிறது. மெக்சிக வம்சாவளியினர் நிறைந்த எட்ஜ்வுட் மக்கள், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். வசதி படைத்த அலாமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். மாணவருக்குக் கிடைத்ததோ 333 டாலர்! மாநில, மத்திய அரசுகளின் உதவியைச் சேர்த்த பிறகும் 356 டாலருக்கு எதிரே 594 டாலர் என இடைவெளி நின்றது. அதிக விகிதத்தில் வரி கட்டிய ஏழைகளின் பிள்ளைகளுக்குத்தான் குறைந்த தொகை.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கல்வி, கூட்டாட்சி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். நிறப் பாகுபாட்டுப் பள்ளிகளை எதிர்த்து வாதாடி வென்றவர் அவர்; அவருடைய நிலைப்பாடே சரி என்பது நம் கருத்து.

1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிதிமுறை செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1993 முதல் செல்வ வட்டாரங்களின் வரியில் ஒரு பகுதி மற்றவற்றுக்குப் போகிறது. ஆனால் 1973 தீர்ப்பு இன்னும் மாறவில்லை. அது திருத்தப்பட வேண்டும்.