தொப்புள்கொடியால் வலை பின்ன ஏலாது

திங்கள், புதன், சனி. குருநகர் இறங்குதுறையில் நிக்கிற ஆரைக் கேட்டாலும் இந்த மூன்று நாளையும் சொல்லுவினம். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் தொழிலுக்கு இறங்கிற நாட்கள் அவை. அந்த இரவுகளில் வலை விடுறதா வேண்டாமா எண்டு எங்கட சனம் யோசிக்குது. விட்டால் வலை அறுபடலாம். விடாட்டில் அடுத்த நாள் உலை வைக்க வழியில்லை.

இதைக் கதைக்கத் தொடங்கினால் உடனே ஒரு பதில் வரும்: "இந்தியா எங்கட தொப்புள்கொடி உறவு. இதைப் பெரிசாக்காதேங்கோ." மற்றப் பக்கத்திலிருந்து இன்னொரு பதில்: "கடற்படை பாத்துக்கொள்ளும். எல்லாரையும் பிடிச்சு உள்ளுக்க போடட்டும்." இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. முதலாவது, நம்பிக்கையின் பெயரால் எங்கட வாயைக் கட்டுது. இரண்டாவது, எச்சரிக்கையின் பெயரால் எங்கட ஞாபகத்தை அழிக்கச் சொல்லுது.

உறவு பொய் எண்டு நாங்கள் சொல்லவில்லை. 1983க்குப் பிறகு வள்ளம் ஏறிப் போன எங்கட ஆக்களை ராமேஸ்வரமும் மண்டபமும் ஏற்றுக்கொண்டன. ஆனால் 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்ற படையும் அதே நாட்டிலிருந்துதான் வந்தது. மக்கள் வேறு, அரசு வேறு. மக்களிடம் பெற்ற அன்பை அரசுக்கு வெற்றுக் காசோலையாகக் கொடுக்க ஏலாது.

கடற்படையை நம்பச் சொல்லுறவைக்கு ஒரு திகதி: 1986 ஜூன் 10. மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கு மேற்பட்ட கடற்றொழிலாளர் கொல்லப்பட்ட நாள். அவர்களில் பெரும்பாலானோர் குருநகர் ஆக்கள். கடற்படை மீதுதான் குற்றச்சாட்டு. இதுவரை நீதி கிடைக்கவில்லை. இண்டைக்கு அதே கடற்படைதான் எங்கட வலைக்குக் காவல் எண்டு சொல்லப்படுகுது. எல்லையைக் காப்பது அதன் கடமை, செய்யட்டும். அதற்காக நாங்கள் கைதட்ட வேண்டியதில்லை. பிடிபடுகிறவரிலும் பெரும்பாலானோர் கூலிக்கு வந்த தொழிலாளிகள். படகு முதலாளி கரையில் இருக்கிறார். கூலியாளைச் சிறையில் போட்டுக் கடலைக் காப்பாற்றலாம் எண்டால் எப்பவோ காப்பாற்றியிருக்கலாம்.

அப்ப என்னதான் வழி? ஒப்பந்தம் எண்டு சொல்லுவினம். ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. 1974இல் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு வரைந்தார்கள். 1976 மார்ச்சில் கடிதப் பரிமாற்றத்தின் மூலம், அனுமதியில்லாமல் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது எண்டு முடிவாச்சு. யுத்த காலத்தில் எங்கட கடல் எங்களுக்கே மூடிக்கிடந்தபோது அந்தக் கோடு மறக்கப்பட்டது. 2010 ஓகஸ்டில் இரு கரை மீனவர்களும் தமிழ்நாட்டில் சந்தித்து, ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துறது எண்டு இணங்கினார்கள். அரசுகள் அதைக் கையில் எடுக்கவில்லை. 2016 நவம்பரில் டெல்லியில் கூட்டுச் செயற்குழு அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கா கூட வேண்டிய குழு அது. அதன் ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தது 2024 ஒக்டோபரில். எட்டு வருசத்தில் முப்பது தடவையாவது கூடியிருக்க வேண்டியவர்கள் ஆறு தடவை கூடியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் 2024 இந்தியத் தேர்தலில் கச்சதீவு பேசுபொருளானது. வாக்கெடுப்பு முடிய அந்தக் கதையும் முடிஞ்சுது. கச்சதீவு ஆருக்குச் சொந்தம் எண்டாலும் எங்கட வலை அறுபடுறது அங்க இல்லை. படகுகள் அந்தத் தீவைக் கடந்து எங்கட கரைக்குக் கிட்டவே வருகின்றன.

அதே 1976இல் வேறொரு கடலில் நடந்ததைப் பாருங்கோ. ஐஸ்லாந்தும் பிரித்தானியாவும் மீனுக்காக மோதின. இரண்டுமே நேட்டோ கூட்டாளிகள். அப்படியிருந்தும் அவற்றின் கப்பல்கள் ஒன்றையொன்று இடித்தன, இராஜதந்திர உறவே முறிந்தது. ஜூன் மாதம் வந்த இணக்கத்தில் பாசம் பற்றி ஒரு வரி இருந்து பிரயோசனம் இல்லை எண்டு இருவருக்கும் தெரிஞ்சிருந்தது. ஒரே நேரத்தில் 24 பிரித்தானிய இழுவைப்படகுகளுக்கு மேல் உள்ளே வரக்கூடாது. சில பகுதிகள் மூடப்படும். சந்தேகம் வந்தால் ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல் மறித்துச் சோதிக்கலாம். காலம் ஆறே மாதம். சோதிக்க இடம் கொடுத்ததால் உறவு கெடவில்லை, திரும்ப ஒட்டினது.

எங்களுக்கு இல்லாதது இதுதான். "மனிதாபிமான அணுகுமுறை" எண்டு இரு நாட்டுத் தலைவர்களும் சொல்லும்போது, எத்தனை படகு குறையும், எந்தத் திகதிக்குள், ஆர் எண்ணிப் பார்ப்பது எண்டு ஒருவரும் கேட்பதில்லை. 2017இல் இழுவைப்படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்ற இந்தியா ஒரு திட்டம் தொடங்கினது. மூன்று வருசத்தில் 2000 படகு எண்டது இலக்கு. அதில் மிகச் சிறிய பங்குதான் நடந்தது. எண்ணிக்கை சொன்ன இடத்திலயே இந்த நிலை எண்டால், எண்ணிக்கையே சொல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

எங்கட பக்கக் கணக்கையும் மறைக்கக் கூடாது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் எங்கட பாராளுமன்றத்திலும் நிறைவேறினது. குருநகரிலும் இழுவைப்படகுகள் இருக்கு. அவை சிறியவை, எண்ணிக்கையும் குறைவு எண்டு வாதாடலாம். ஆனால் அடிக்கடலைக் கிழிக்கிற மடிக்குத் தேசியம் இல்லை. நாங்கள் அதை விடாமல் அவையை விடச் சொன்னால், எங்கட சொல்லை எதிர்க்கரை நம்ப வேண்டிய அவசியம் என்ன? நட்டஈட்டோடும் மாற்றுத் தொழிலோடும் முதலில் நிறுத்த வேண்டியது நாங்கள்தான். ஊரில் இதைச் சொன்னால் பேச்சு விழும். விழட்டும்.

ஆகவே நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். இழுவைப்படகுகளின் பதிவுப் பட்டியல் இரு நாட்டிலும் பகிரங்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு படகிலும் செய்மதிக் கருவி பூட்டி, அது காட்டும் தரவை இரு கரை மீனவர் சங்கங்களும் பார்க்கட்டும். வருசத்துக்கு எத்தனை படகு நிற்பாட்டப்படும் எண்டு எழுதி வையுங்கோ. தண்டம் கூலியாளுக்கு இல்லை, படகு முதலாளிக்கு. கூட்டுச் செயற்குழு மேசையில் குருநகர், பருத்தித்துறை, மன்னார், ராமேஸ்வரம் மீனவர்களுக்கும் கதிரை வேணும்.

இதைக் கேட்கிறவனை இந்திய எதிரி எண்டும் கொழும்பின் கைக்கூலி எண்டும் எழுதிற நண்பர்களே, உங்களிட்ட ஒரு கேள்வி. சொந்தத் தம்பிக்குக் கடன் குடுக்கும்போதும் கொப்பியில் எழுதித்தானே வைக்கிறம்? அது தம்பியில் சந்தேகத்தாலயா? நாளைக்குச் சண்டை வராமல் இருக்கத்தானே. அந்தக் கொப்பியைத்தான் இரண்டு அரசிடமும் நாங்கள் கேட்கிறம். அது வரும் வரைக்கும் திங்கள், புதன், சனி இரவுகளில் குருநகரில் வலை கரையில்தான் கிடக்கும்.