அழுகுணி ஆட்டமும் ஆடட்டும்

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் போடலாம் என்று யாராவது கிளம்பினால், கதை எப்படி முடியும் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். நடக்க முடியாத பிள்ளையை மற்றவர்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். திடீரென்று ஓர் ஆபத்து வரும். அந்தப் பிள்ளை எல்லோரையும் காப்பாற்றும். உடனே கைதட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். நல்ல மனசோடு எழுதுகிற கதைதான். ஆனால் கால் நன்றாக இருக்கிறவன் சும்மா வந்து நின்றாலே இடம் கிடைக்கும், கால் முடியாதவள் சாகசம் செய்துதான் இடம்பிடிக்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் சென்னை வெறுங்கையோடு நிற்கவில்லை. 1996இல் இங்கே தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஷீலா தீரின் புத்தகம் ஒன்றை 1999இல் வெளியிட்டது. என் கையைப் பிடிக்க ஏன் பயப்படுகிறாய் என்று தலைப்பிலேயே வாசகரைக் கேட்ட புத்தகம் அது. பின்னர் தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்த ‘கேட்ச் தட் கேட்!’ வந்தது. அதில் சக்கர நாற்காலிச் சிறுமி பூனையைத் தேடிப் போய் மரத்திலும் ஏறிவிடுகிறாள். ஜை விட்டேகரின் ‘கண்ணா பன்னா’வில், குகைக் கோயிலில் விளக்கு அணைந்ததும் பார்வையற்ற கண்ணாதான் வீட்டாருக்கு வழிகாட்டுகிறான். மூன்றும் அழகான புத்தகங்கள். கடைசியாகச் சொன்னதில் அந்தக் காப்பாற்றும் சங்கதி கொஞ்சம் எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது.

அடுத்த புத்தகம் ராயபுரம் தொட்டு எண்ணூர் வரையிலான நம் பகுதியிலிருந்து வர வேண்டும் என்கிறோம். உடற்குறை இங்குள்ள பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி இல்லை. பட்டறையில் பிரஸ் மெஷினுக்கு விரலைக் கொடுத்த அப்பா, மிச்சமிருக்கும் மூன்று விரலால் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டுவதை ஒரு பக்கத்தில் வரையலாம். விரல் எப்படிப் போச்சு என்று மகள் கேட்கட்டும். மெஷினில் தடுப்பு இல்லை என்று அவர் உள்ளதைச் சொல்லட்டும். இன்னொரு பக்கம் காசிமேடு. போலியோவில் கால் சூம்பிப்போன ஓர் அண்ணன் மூன்று சக்கர வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கிழிந்த வலையை மடியில் இழுத்துப்போட்டு, ஊசியில் சுற்றிய நைலான் நூலால் கண்ணி கண்ணியாகச் சேர்க்கிறார். சுற்றி உட்கார்ந்த பையன்கள் அவரிடம் வேலை கற்கிறார்கள். அவருடைய காலைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கேரம்போர்டு இல்லாமல் வடசென்னைப் புத்தகமா? உட்கார்ந்தே ஆடுகிற ஆட்டம். நம் புத்தகத்தின் சிறுமி சக்கர நாற்காலியிலிருந்து ரெட் காயைப் போடுகிறாள். அடுத்து விழ வேண்டிய ஃபாலோ காய் விழவில்லை. விழுந்ததாகச் சாதிக்கிறாள். முழங்கையால் ஒரு காயை நகர்த்தியும் விடுகிறாள். எதிரில் இருப்பவன் கத்துகிறான், சண்டை மூள்கிறது. பாவம் என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அழுகுணி ஆட்டம் ஆடும் உரிமையும் அவளுக்குக் கிடைத்துவிட்டது என்றால், சேர்த்துக்கொண்டார்கள் என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஒருவரிடம் உள்ள குறையோடு வெளியே உள்ள தடைகளும் சேரும்போதுதான் அவர் முடக்கப்படுகிறார் என்பது அதன் பார்வை. இதை ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க எதிரெதிர் பக்கங்களில் இரண்டு படங்கள் போதும். இடப்பக்கம், படி உயரமான பழைய பேருந்து. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், சக்கர நாற்காலிச் சிறுமி நிறுத்தத்திலேயே தங்கிவிடுகிறாள். வலப்பக்கம், 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகளில் ஒன்று. தாழ்தளம், சாய்தளப் பலகை. அதே சிறுமி, அதே நாற்காலி, ஜன்னலோரம். இரண்டு படத்திலும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் பேருந்தைத்தான் காட்டும்.

புத்தகமும் தன் பங்குக்கு ஒரு தடையாகிவிடக் கூடாது. பார்வையற்ற பிள்ளை விரலால் தடவி அறியும்படி வலையின் கண்ணிகளையும் கேரம் காய்களையும் புடைப்பாக அச்சிட வேண்டும், கூடவே பிரெயில் வரிகளும் வேண்டும். செலவு கூடும். அட்டையின் பளபளப்பைக் குறைத்து அதை ஈடுகட்டலாம்.

ஓவியர்களும் கதை எழுதுகிறவர்களும் ஆசிரியர்களும் எங்களுக்கு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளே எழுதி வரைந்தால் முன்னுரிமை அவர்களுக்குத்தான். மற்றவர்கள் எழுதியதை அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுவோம். ‘இது நாங்க இல்ல’ என்று அவர்கள் சொன்னால் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அப்படிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவர்களுக்கு எழுதியவருக்கு உள்ளதுபோலவே கூலி உண்டு, அட்டையில் பெயரும் உண்டு.