கியரை யார் மாற்றுவது?

சாந்திபுரத்திலிருந்து திருப்பதிக்குக் காரில் செல்பவர் ஒரே நாளில் மூன்று வகையான சாலைகளைக் கடக்கிறார். பலமநேர் வரையிலான முதல் பகுதியில் ஊருக்கு ஊர் வேகத்தடைகளும், எதிரே வரும் டிராக்டர்களும், முன்னறிவிப்பின்றித் திரும்பும் இருசக்கர வண்டிகளும் உண்டு. பலமநேரைத் தாண்டியபின் பீடபூமி முடிந்து, விபத்துகளுக்குப் பெயர்பெற்ற மொகிலி மலைச்சாலை சித்தூரை நோக்கி இறங்குகிறது. சித்தூரிலிருந்து திருப்பதி வரை அகன்ற நெடுஞ்சாலை. திருமலைக்கும் ஏற நினைப்பவருக்கு நான்காவதாக ஒன்றும் காத்திருக்கிறது. அங்கே ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறொரு பாதை. 1944இல் திறக்கப்பட்ட பழைய பாதையில் இன்று வாகனங்கள் இறங்க மட்டுமே செய்கின்றன.

ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் செடானை வாங்க நினைப்பவர், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்னும் வினாவை இத்தகைய சாலையில் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த வினா பெரும்பாலும் ஷோரூமின் குளிர்ந்த அறையில் கேட்கப்படுகிறது. அங்கே விடை முன்னரே முடிவாகிவிடுகிறது: விலை உயர்ந்த கார் என்றால் ஆட்டோமேட்டிக்.

‘மேனுவல் கியர்’ என்னும் பெயரே சற்று விந்தையானது. வேறு வகை இல்லாத காலத்தில் அது வெறும் கியர்தான். ஆட்டோமேட்டிக் வந்த பிறகே பழையதற்கு அடைமொழி தேவைப்பட்டது. தறிக்கும் இதுவே நேர்ந்தது. விசைத்தறி வருமுன் எல்லாத் தறியும் கையால் இயங்கிய தறிதான். ‘கைத்தறி’ என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை பின்னர்தான் எழுந்தது. நகரியில் விசைத்தறியின் ஓசையோடு வளர்ந்தவர்களுக்கு அந்த அடைமொழியின் பொருள் நன்கு தெரியும். ஒரு பொருளுக்கு அடைமொழி சேரும்போது அதன் சமூக மதிப்பும் மாறுகிறது. கைத்தறிப் புடவை ஒருபுறம் விலையேறிய கலைப்பொருளாகவும், மறுபுறம் வருவாய் குறைந்த தொழிலாகவும் ஆனது. மேனுவல் கியரின் நிலையும் அதுவே. அமெரிக்காவில் அது ஆர்வலரின் அடையாளம். இந்தியாவில் அது மலிவான மாடலின் அடையாளம்.

இந்த இரு மதிப்பீடுகளும் நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்று உண்டு. 2000களின் நடுவில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம்5 செடான் பத்து சிலிண்டர் எஞ்சினும் 507 குதிரைத்திறனும் கொண்டது. அதில் எஸ்.எம்.ஜி. எனப்பட்ட ஏழு வேகக் கியர்பாக்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. அடிப்படையில் அது மேனுவல் கியர்பாக்ஸ்தான். ஆனால் கிளட்சை அழுத்துவதையும் பற்சக்கரத்தை மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஹைட்ராலிக் கருவிகள் செய்தன. பந்தயக் கார்களின் தொழில்நுட்பம் என்று அது கொண்டாடப்பட்டது. ஆயினும் வட அமெரிக்க வாடிக்கையாளர்கள் கிளட்ச் பெடலைக் கேட்டார்கள். நிறுவனம் இணங்கி, அந்தச் சந்தைக்கு மட்டும் ஆறு வேக மேனுவலை அளித்தது. அடுத்த தலைமுறை எம்5இல் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்தபோதும் வட அமெரிக்காவுக்கு மேனுவல் தொடர்ந்தது. 2017இல் அறிமுகமான தலைமுறையில் அந்தத் தெரிவு எவருக்கும் இல்லாமல் போயிற்று. எட்டு வேக ஆட்டோமேட்டிக் மட்டுமே எஞ்சியது.

இக்கதையின் மறுபாதி இந்தியாவில் நிகழ்ந்தது. 2014இல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்னும் கியர்பாக்ஸ் வந்தது. மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியர் மாற்றத்தையும் கருவிகளிடம் ஒப்படைப்பதே அதன் கொள்கையும். துல்லியத்திலும் வேகத்திலும் விலையிலும் இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு உண்டு, கருத்து ஒன்றே. எம்5இல் ரசிகர்கள் ஏற்க மறுத்த அந்தக் கருத்தைச் சிறிய காரில் நகரவாசிகள் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்கள். கியர் மாறும்போது தலை சற்று முன்னும் பின்னும் ஆடும் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

கருத்து ஒன்றாயிருக்க, வரவேற்பு ஏன் வேறுபட்டது? எம்5 வாங்கியவர் கியர் மாற்றும் உழைப்பைத் தாமே விரும்பிப் பணம் கொடுத்தார். செலேரியோ வாங்கியவர் அதே உழைப்பிலிருந்து விடுபடப் பணம் கொடுத்தார். ஆகவே கியர்பாக்ஸைப் பற்றிய வினாவை ‘எது மேலானது’ என்று கேட்பது பயனற்றது. அந்த உழைப்பு யாருடையது, அதை அவர் விரும்புகிறாரா என்றே கேட்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிய வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த டி.எஸ்.ஜி. முதற்கொண்டு, இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்கள் அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றுகின்றன. எந்த மனிதக் கையும் அதனோடு போட்டியிட முடியாது. எரிபொருள் சிக்கனத்திலும் ஆட்டோமேட்டிக்குகள் பின்தங்கியிருந்த காலம் போய்விட்டது.

ஆனால் வேகத்தோடு முன்னறிவும் கணக்கில் வர வேண்டும். மொகிலி இறக்கத்தில் வளைவை ஓட்டுநர் முன்னரே பார்க்கிறார். வளைவுக்கு முன்பே கீழ்க் கியருக்கு மாறி, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைச் சூடேறாமல் காக்கிறார். சாதாரண ஆட்டோமேட்டிக் அதுவரை நடந்ததை வைத்தே முடிவெடுக்கிறது: எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம், என்ன சரிவு. வரப்போகும் வளைவு அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் குறையை உணர்ந்தே 2013இல் ரோல்ஸ் ராய்ஸ் தன் ரெய்த் காரில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்துக் கியரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டிலும் வரைபடத்தில் சாலை இருக்கும். அதன் நடுவே நிற்கும் எருமை இருக்காது.

இதைச் சொல்லும்போது மேனுவல் ஓட்டுநரின் பிழையையும் மறைக்கலாகாது. இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை நியூட்ரலில் போட்டுச் செல்லும் பழக்கம் நம் சாலைகளில் பரவலாக உள்ளது. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓய்வு நிலையில் ஓடுவதற்கு எரிபொருள் செலவாகிறது. மிச்சம் எதுவும் இல்லை. போவது எஞ்சின் இழுவை மட்டுமே. அதே வேளையில் ஆட்டோமேட்டிக்கிலும் ஸ்டியரிங் பின்னால் உள்ள நெம்புகோல்களையோ கீழ்க் கியர் நிலையையோ பயன்படுத்தி எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ‘டி’யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர் கருவியின் மீது பழி போட முடியாது. மேனுவல் சரியான முடிவையும் தவறான முடிவையும் ஓட்டுநரிடமே விடுகிறது. அதன் சிறப்பும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே.

ஆட்டோமேட்டிக்கைச் சோம்பேறிகளின் வண்டி என்று ஏளனம் செய்யும் ஆர்வலர்கள் அதன் வரலாற்றை ஒருமுறை நோக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஹைட்ராமேட்டிக் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அது டாங்கிகளிலும் பயன்பட்டது. போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்கள் மீண்டும் கார் ஓட்டுவதற்கு அதே கியர்பாக்ஸ் வழிசெய்தது. இடக்காலை இழந்தவருக்கு கிளட்ச் பெடல் என்பது கலையன்று, மூடிய கதவு. இன்றும் முழங்கால் தேய்ந்தவருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் ஆட்டோமேட்டிக் அந்தக் கதவைத் திறக்கிறது.

இந்தியச் சூழலில் இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. இங்கே பல சொகுசு செடான்களின் உரிமையாளர் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பார். முன்னிருக்கையில் சம்பளத்திற்கு ஓட்டுபவர், சென்னையிலோ பெங்களூரிலோ நெரிசலில் நாள்முழுதும் ஊர்ந்துகொண்டிருப்பார். அத்தகைய காருக்கு மேனுவலை விரும்பும் உரிமையாளர், இன்னொருவரின் இடக்காலைக் கொண்டு தம் ரசனையை நிறைவேற்றிக்கொள்கிறார். அந்த ரசனையை மதிக்க இயலாது. தானே ஓட்டுபவருக்கு மட்டுமே மேனுவலைப் புகழும் உரிமை உண்டு.

அப்படியானால் மேனுவலுக்கு இடமே இல்லையா? உண்டு, அது மிகக் குறுகியதாயினும் உறுதியான இடம். ஸ்போர்ட்ஸ் செடான் என்னும் வகையின் இருப்பே ஓட்டுவதன் இன்பத்தைச் சார்ந்தது. சொகுசு மட்டும் போதுமென்றால் சாதாரணச் சொகுசு செடானே போதும். கூடுதல் பணம் கொடுத்து ஸ்போர்ட்ஸ் செடானை வாங்குபவர் ஓட்டும் அனுபவத்தை வாங்குகிறார். அந்த அனுபவத்தின் மையத்தில் இருந்த செயலை அகற்றிவிட்டு, எஞ்சியதை அதே பெயரில் விற்பதில் ஒரு முரண் இருக்கிறது.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் இந்தியப் பயணம் இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. 2004இல் வந்த முதல் ஆர்.எஸ்.ஸும், 2011இல் வந்த லாரா ஆர்.எஸ்.ஸும் மேனுவல் கியருடன் வந்தன. 2017க்குப் பின் வந்தவை அனைத்தும் டி.எஸ்.ஜி. மட்டுமே. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தெரிவு மறைந்தது வாடிக்கையாளர் அதைக் கைவிட்டதனாலா, வழங்கப்படாததனாலா? கடையில் வைக்கப்படாத பொருளை எவரும் வாங்கவில்லை என்று சொல்வது கணக்காகாது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 2022இல் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் செடானின் 1.5 லிட்டர் எஞ்சின் இந்தியாவில் டி.எஸ்.ஜி.யுடன் மட்டும் வந்தது. அடுத்த ஆண்டே அதே எஞ்சினுக்கு மேனுவல் சேர்க்கப்பட்டது. 2023இல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்2 இரண்டு கியர்பாக்ஸ்களிலும் கிடைத்தது. அது இரு கதவுக் கார், செடான் அன்று. ஆயினும் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் விலையிலும் மூன்று பெடல்களுக்கு இந்த நாட்டில் இடமுண்டு என்று அந்த நிறுவனமே கருதியிருக்கிறது. அந்த நம்பிக்கையை நான்கு கதவுள்ள காருக்கும் நீட்டிப்பது தொழில்நுட்பத்தால் இயலாத காரியமன்று. அமெரிக்காவில் காடிலாக் சி.டி.5-வி பிளாக்விங் என்னும் சொகுசு செடான், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஆறு வேக மேனுவலையும் வழங்கியிருக்கிறது.

எனவே வாங்குபவர் மூன்று வினாக்களுக்கு நேர்மையாக விடை தேடினால் போதும். காரை ஓட்டப்போவது யார்? அது வாரத்தில் பெரும்பாலும் ஓடப்போகும் சாலை எது? ஓட்டுபவரின் உடல் அதற்கு இசைகிறதா? நெரிசலே வாழ்க்கையென்றால் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலர்கிளட்ச் வகை இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறும் இயல்புடையது என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தானே ஓட்டி, மலையும் வளைவும் உள்ள சாலையில் அடிக்கடி செல்பவர், மேனுவல் கிடைக்குமானால் அதையே எடுக்கட்டும். விற்பனையாளர் ‘அதற்கு மறுவிற்பனை மதிப்பு இருக்காது’ என்றால், வாங்குவது ஓட்டுவதற்கா விற்பதற்கா என்று அவரைத் திருப்பிக் கேட்கலாம்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முடிவை வாங்குபவரிடம் விடுங்கள். எல்லாக் காரிலும் மேனுவல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ‘ஓட்டுநருக்கான கார்’ என்று விளம்பரம் செய்யும் காரிலேனும் ஓட்டுநருக்கு ஒரு தெரிவு இருக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு பேர் கேட்டாலும், முன்பதிவின் பேரில் அவர்களுக்கு வழங்க வழியுண்டு. பலமநேரைத் தாண்டி மொகிலியில் இறங்கும் ஒருவர், வளைவு கண்ணில் பட்டவுடன் நான்கிலிருந்து மூன்றுக்குத் தாமே மாற்ற விரும்புகிறார். அந்த விருப்பத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் பணம் கொடுக்க முன்வருவது அதற்காகத்தான்.