பூக்காரி பாடினாள்

நல்ல ஹாஸ்ய நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்களைச் செருகி, படம் பிடித்துவிடுவது பெரிய காரியமல்ல. பிடித்து முடித்த பிறகு நாடகம் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாட்டு வந்தால் கதை நின்றுவிடுகிறது. கதை ஓடினால் பாட்டுக்கு இடமில்லை. இந்தச் சங்கடத்தை ஆராய விரும்புகிறவர்களுக்கு பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் 1964-ம் ஆண்டில் ‘மை ஃபேர் லேடி’ என்ற படமாக உருமாறிய விருத்தாந்தத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது என்பது நம் அபிப்பிராயம்.

கதையை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். லண்டன் தெருவில் பூ விற்கும் எலைஸா என்ற பெண்ணின் கொச்சைப் பேச்சைத் திருத்தி, சில மாதங்களில் அவளைப் பெரிய இடத்துச் சீமாட்டியாக நடமாட வைத்துக் காட்டுவதாக, உச்சரிப்பு சாஸ்திரத்தில் வல்லவரான ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். ஜயித்தும் விடுகிறார். ஜயித்த பிறகு அவள் கதி என்ன என்று அவர் யோசித்ததே இல்லை. அவள் யோசிக்கிறாள். நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஷா பேச்சையே நம்பியவர். அவருடைய ‘ஆர்ம்ஸ் அண்டு தி மேன்’ நாடகத்தைத் தழுவி, ‘சாக்லேட் ஸோல்ஜர்’ என்ற ஸங்கீத நாடகம் ஒன்று 1908-ல் வெளிவந்தது. அந்த அனுபவத்தால் ஏற்பட்ட கசப்பு அவரை விட்டு நீங்கவில்லை. 1913-ல் வியன்னாவிலும் அடுத்த ஆண்டு லண்டனிலும் அரங்கேறிய ‘பிக்மேலிய’னுக்குப் பாட்டுக் கட்ட உயிருள்ளவரை அவர் இடம் கொடுக்கவில்லை. 1950-ல் அவர் காலமானார். 1956 மார்ச்சு 15-ந் தேதி, ஆலன் ஜே லெர்னர் பாட்டெழுத, பிரெடரிக் லோ மெட்டமைக்க, அது ஸங்கீத நாடகமாக நியூயார்க்கில் மேடையேறி 2,717 தடவை நடந்தது!

இவ்வளவு வெற்றிக்குக் காரணம் இல்லாமலில்லை. மூல நாடகத்தில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. பூக்காரி பேராசிரியர் வீட்டுக்கு வந்து சேருகிறாள். அடுத்த அங்கத்தில் திருத்தமாகப் பேசிக்கொண்டு பெரிய மனிதர்கள் மத்தியில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் நடந்த பாடத்தை ஷா மேடையில் காட்டவில்லை. 1938-ல் வந்த பேசும் படம் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பியது. ஸங்கீத நாடகக்காரர்களோ அங்கேதான் தங்கள் கொடியை நாட்டினார்கள். ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் களைத்துப்போன நடுநிசியில், திடீரென்று அவள் வாயில் உயிரெழுத்துச் சரியாக வந்துவிடுகிறது. பயிற்சி வாக்கியமே ராகமாகிறது. பேராசிரியரும் கர்னலும் அவளும் குதித்து ஆடுகிறார்கள். வகுப்பறையில் காலம் தள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் காட்சி வேடிக்கை மட்டுமல்ல. மந்தமென்று கைவிடப்பட்ட பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்ட நிமிஷத்தில் ஆடத் தோன்றாத உபாத்தியாயர் யார்? கௌரவத்தை உத்தேசித்து அடக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஹிக்கின்ஸாக வந்த ரெக்ஸ் ஹாரிஸனுக்குப் பாடத் தெரியாது. அதையே நல்லதாக்கிக் கொண்டார்கள். பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் அவர் சொல்லிக்கொண்டு போகிறார். முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க அவர் இசையாததால், படத்தில் அவருடைய கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா மைக் ஒன்றை ஒளித்து வைத்து, நடிக்கும்போதே குரலைப் பிடித்தார்கள். ஷாவின் வசனம் பாட்டாக மாறியும் வசனமாகவே நின்ற அதிசயம் இதனால் நேர்ந்தது.

எலைஸாவின் தகப்பன் டூலிட்டில் இவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்ல. ஏழைகளில் உதவி பெறத் தகுதியுள்ளவன், இல்லாதவன் என்று பிரிக்கும் தர்மவான்களை ஷாவின் டூலிட்டில் தர்க்கத்தால் திணற அடிக்கிறான். படத்தில் ஸ்டான்லி ஹாலோவே ஆடிப் பாடி அமர்க்களப்படுத்துகிறார். சிரிப்பு இருக்கிறது, முள் மழுங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. மேடையில் எலைஸாவாகப் பாடிப் புகழ்பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படத்தில் அவரை விட்டுவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். பாட்டுக்களில் பெரும்பகுதியை மார்னி நிக்ஸனைக் கொண்டு பாடச் செய்தார்கள். படத்தின் தலைப்பில் நிக்ஸன் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் வாயில் வேறு குரலை வைத்துவிட்டு, புகழை மட்டும் ஒருவர் தட்டிக்கொண்டு போகிறாரே என்று வருந்தும் கதையைப் படமெடுத்தவர்கள் செய்த காரியம் இது! படத்துக்கு எட்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். முடிவைத்தான் நம்மால் ஜீரணிக்க முடியவில்லை. நாடகத்தில் எலைஸா தன் காலில் நிற்கத் துணிந்து, பேராசிரியரை விட்டுப் போகிறாள். 1914-லேயே ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் அவளை நோக்கிப் பூவை எறிந்து காதல் சாயம் பூசினார். ஷா ஆத்திரமடைந்து, அவள் பிரெட்டி என்ற வாலிபனை மணந்து பூக்கடை வைத்தாள் என்று 1916-ல் நீண்ட பின்னுரையே எழுதினார். பயனில்லை. 1938 படத்தில் அவள் திரும்பி வந்தாள். ஸங்கீத நாடகமும் அந்த முடிவையே எடுத்துக்கொண்டது. ஷா சொன்னது சரிதானா என்று தமக்கு நிச்சயமில்லை என லெர்னர் பகிரங்கமாகவே எழுதினார்.

லெர்னரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஹிக்கின்ஸ் தனியாக வீடு திரும்புகையில், அவள் முகம் தமக்குப் பழகிப்போய்விட்டதை எண்ணி ஏங்கிப் பாடுகிறார். வசனத்தில் பிடிவாதக்காரனாக இருக்கிறவன் மெட்டில் அப்படி இருக்க முடியாது. அந்தப் பாட்டு முடிந்ததும் அவள் வராமற் போனால் ஜனங்கள் கொட்டகையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் சற்று முன்புதான் அவளும், அவரில்லாமலே உலகம் சுழலும் என்று பாடியிருக்கிறாள். இனி நீங்கள் வேண்டாம் என்று மாணவி நிமிர்ந்து சொல்வதைவிட ஆசிரியனுக்கு வேறு என்ன வெற்றி? ஷாவின் ஹிக்கின்ஸுக்கே அது தெரிந்திருக்கிறது. அவள் எதிர்த்து நின்ற க்ஷணத்தில்தான் அவளை மெச்சுகிறார். அவளுடைய பாட்டை அவருடைய பாட்டு விழுங்கிவிட்டது.

கடைசியில் ஹாரிஸன் நாற்காலியில் சாய்ந்து, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தம் செருப்பு எங்கே என்று கேட்கிறார். ஹெப்பர்ன் புன்னகையோடு நிற்கிறார். வாத்தியங்கள் முழங்குகின்றன. அவள் எடுத்துக் கொடுத்தாளா என்று படம் காட்டவில்லை. பந்தயம் ஜயித்த இரவில் அவர்மேல் அவள் விட்டெறிந்தாளே, அதே செருப்பு.