அஞ்சு நாலை விடப் பெருசுதான்... அதுக்காக?

இந்தப் பதிவு எங்க ஊர்ப் பட்டறைக்காரங்க பாதிப் பேருக்குப் புடிக்காது. எங்கப்பாவுக்கும் புடிக்காது. பரவால்ல, எழுதிடறேன். கவிதை, சினிமான்னு எதிர்பார்த்து வந்த மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு லாரி கியர் ஆயில் பத்தின புலம்பல்.

விஷயம் இதுதான். கியர் பாக்ஸ்ல தப்பான ஆயிலை ஊத்தறோம். பாக்ஸ் போனதும் பழியைத் தூக்கி டிரைவர் தலையில வைக்கிறோம். ஏதோ ஊர்ல யாரோ பண்றதைச் சொல்லலை. நானே பண்ணினவன். கணக்கு நோட்டுல அந்தப் பிடித்தத்தை எழுதினது என் கைதான்.

2018-ல எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பத்துச் சக்கர வண்டி. நாமக்கல்ல ‘லாரி ஓனர்’னு சொன்னா வெளியூர்க்காரங்க நம்மளப் பணக்காரன்னு நெனச்சுக்குவாங்க. பேங்க்தான் ஓனர், நாங்க டியூ கட்டறவங்க. சேலத்துல ஜவ்வரிசி ஏத்திட்டு இந்தூர் போகும், திரும்பி வரும்போது கெடச்ச லோடு. ஓட்டினவர் எங்ககிட்ட ஒம்போது வருஷமா இருந்த அண்ணன். ராசிபுரம் பக்கம். வண்டியத் தன் வண்டி மாதிரி பார்த்துக்குவார்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் கியர் பாக்ஸ் ஆயில் மாத்தினோம். ரெண்டு டிரிப் கழிச்சு அண்ணன் சொன்னார், “தம்பி, மூணாவது போடறப்ப நறநறங்குது. கை வழியாவே தெரியுது”. பட்டறையில சொன்னோம். மேஸ்திரி வந்து பார்த்தார். டிரெய்ன் பிளக்ல காந்தம் இருக்கும், இரும்புத்தூள் இருந்தா அதுல ஒட்டும். பிளக் சுத்தமா இருந்துச்சு. “பாக்ஸ்ல ஒண்ணுமில்லீங்ணா, கிளட்ச்ச முழுசா மிதிக்கச் சொல்லுங்க”ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டார்.

ஆகஸ்ட்ல லோடோட தொப்பூர் கணவாய் எறங்கும்போது, நாலுலருந்து மூணுக்கு எறக்கப் போனா மூணு விழலை. நாலும் திரும்ப விழலை. வண்டி நியூட்ரல்ல ஓடுது. தொப்பூர் எறக்கம் எப்படின்னு அந்த வழியா போனவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நியூட்ரல்ல இன்ஜின் இழுவையும் கெடையாது, எக்ஸாஸ்ட் பிரேக்கும் கெடையாது. வெறும் வீல் பிரேக். டிரம்மெல்லாம் பொகைய, எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திட்டார். முன்னாடி ஒரு டவுன் பஸ் போயிட்டு இருந்துச்சாம்.

பாக்ஸைப் பிரிச்சா மூணாவது கியர் சிங்க்ரோ ரிங் தேஞ்சு பல்லே இல்ல. பில் 46 ஆயிரம். பட்டறையில தீர்ப்பு சொன்னாங்க: “டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உருட்டியிருப்பான். அப்புறம் அவசரத்துல கியரைக் குத்தியிருப்பான்.” அப்பா நம்பினார். நானும் நம்பினேன். டிரிப்புக்கு 2,000 வீதம் அவர் சம்பளத்துல 12,000 புடிச்சோம். அண்ணன் ஒண்ணும் பேசலை. கடைசிப் பிடித்தம் முடிஞ்ச மறுநாள் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டார்.

புது டிரைவர் வந்தார். ஏழாவது மாசம் அவரும் அதையே சொன்னார். “நறநறங்குதுங்க.”

அப்பதான் எனக்கு உறைச்சுது. ரெண்டு பேரும் வேற வேற ஆளு, பட்டறையும் பேரலும்தான் ஒண்ணு. டாஷ்போர்டுக்குள்ள பழைய காலண்டருக்கு அடியில கெடந்த மேனுவலை எடுத்துப் பார்த்தேன். கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்.-4. கிரவுனுக்கு, அதாவது பின் ஆக்ஸில் நடுவுல உருண்டையாத் தொங்குமே அதுக்கு, 85டபிள்யூ-140, ஜி.எல்.-5. பட்டறையில ரெண்டுக்குமே ஊத்தினது கிரவுன் ஆயில். ஏன்னு கேட்டேன். வந்த பதில்தான் இந்தப் பதிவுக்குத் தலைப்பு. “அஞ்சு நாலை விட ஒசத்திதானுங்களே தம்பி? நூத்தி நாப்பது தொண்ணூறை விடக் கெட்டிதானே? நல்லதாத்தானே ஊத்தறோம்?”

தங்கமான லாஜிக். அப்படின்னா ஜி.எல்.-6 இன்னும் ஒசத்தியா இருக்கணுமே? அப்படி ஒரு வகை நெசமாவே இருந்துச்சு. இந்த வகை பிரிக்கிற அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டே ‘இது இப்ப பயன்பாட்டுல இல்ல’ன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணும் அதே கதிதான். இப்ப மிச்சம் இருக்கறது ஜி.எல்.-4, ஜி.எல்.-5, எம்.டி.-1 மூணும்தான். இது பத்தாம் கிளாஸ், பன்னெண்டாம் கிளாஸ்னு ஏறிப்போற படிக்கட்டு இல்லீங்க. கண் டாக்டர், பல் டாக்டர் மாதிரி. பல் வலிக்குக் கண் டாக்டர்கிட்ட போய், அவர் ஃபீஸ் ஜாஸ்தி அதனால நல்லாப் பார்ப்பாருன்னு யாராவது சொல்வாங்களா?

கிரவுன்ல என்ன நடக்குது? ஹைபாய்டு கியர்னு சொல்ற அமைப்புல பினியன், பெரிய சக்கரத்தோட மையத்துக்கு நேரா இல்லாமத் தள்ளி உக்காந்திருக்கும். பல்லு மேல பல்லு உருளறதோட நிக்காம, பலமா வழுக்கிட்டே போகும். அந்த அழுத்தத்துல ஆயில் படலம் கிழிஞ்சுடும். அதுக்காகக் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்து போடறாங்க. அது சூட்டுல இரும்பு மேலயே ஒரு பூச்சு மாதிரி ஒட்டிக்கிட்டு பல்லைக் காப்பாத்தும். ஜி.எல்.-5-ல இந்த மருந்து ஜி.எல்.-4-ஐ விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மூடியத் தொறந்ததும் வருமே அழுகின முட்டை நாத்தம், அது இதுதான்.

கியர் பாக்ஸ்ல கதையே வேற. அங்க சிங்க்ரோ ரிங்குன்னு ஒண்ணு இருக்கு, பல வண்டில பித்தளை. நீங்க கியர் லிவரைத் தள்ளும்போது அந்த ரிங் கியரோட கூம்புல போய் அழுந்தி உரசும். அந்த உரசல்லதான் ரெண்டு பக்க வேகமும் ஒண்ணாகும். ஒண்ணானாத்தான் கியர் விழும். அதாவது இது ஒரு குட்டி பிரேக். பிரேக் லைனிங்ல யாராவது வழுவழுன்னு எண்ணெய் தடவுவாங்களா? கிரவுன் ஆயிலை ஊத்தினா அதைத்தான் பண்றோம். ரிங் புடிக்காம வழுக்கும், டிரைவர் அழுத்தித் தள்ளுவார், நறநறங்கும், தேயும். போதாக்குறைக்கு அந்தக் கந்தக மருந்து சூடானா செம்பு கலந்த உலோகத்தைக் கறுக்க வெச்சு அரிக்கக்கூடியது. எண்ணெய்க் கம்பெனிகளே செம்புப் பட்டையைச் சூடான ஆயில்ல ஊறவெச்சு, எவ்வளவு கறுத்திருக்குன்னு பார்த்து ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் மார்க் போடறது இதுக்காகத்தான்.

மேஸ்திரி பார்த்த காந்தம் ஏன் சுத்தமா இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா? பித்தளை காந்தத்துல ஒட்டாது சாமி! பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தி வெயில்ல பார்த்திருந்தா பொன்னு பொன்னா மின்னியிருக்கும். ரெண்டாவது தடவை நான் பார்த்தேன். மின்னுச்சு.

‘இப்ப வர்ற நல்ல ஜி.எல்.-5 பித்தளையை அரிக்கறதில்ல’ன்னு சண்டைக்கு வர்றவங்க இருக்கீங்க, தெரியும். அரிப்புத் தடுப்பான் சேர்த்து வர்றது உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா அரிக்காட்டியும் வழுக்குமே? சிங்க்ரோவுக்கு வேணும்ங்கற உரசல் இருக்கான்னு ஜி.எல்.-5-ங்கற முத்திரை சொல்லாது. வண்டி செஞ்சவனே ஜி.எல்.-5 ஊத்துன்னு எழுதியிருந்தா தாராளமா ஊத்துங்க. சிங்க்ரோவே இல்லாத கனரக வண்டி, பஸ் பாக்ஸுக்குன்னு இருக்கறதுதான் எம்.டி.-1. அமெரிக்காவுல ஈட்டன் ஃபுல்லர் பாக்ஸுல இந்தக் கந்தக ஆயிலே இல்லாம எஸ்.ஏ.இ. 50 சிந்தெடிக் ஊத்தறாங்க. பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும், எனக்கென்ன பிடிவாதம்?

கெட்டி மேட்டருக்கு வருவோம். 90, 140-ங்கறதெல்லாம் பலம் இல்ல. 100 டிகிரி சூட்டுல 90 நம்பர் ஆயில் 13.5-லருந்து 18.5 சென்டிஸ்டோக் வரைக்கும் இருக்கும். 140 ஆயில் 24-லதான் ஆரம்பிக்கும். இவ்வளவு கெட்டி சிங்க்ரோவுக்கு எடஞ்சல்தான், விடிகாலையில முதல் கியர் போடும்போதே தெரியும். (கூத்து என்னன்னா, கியர் ஆயில் 90-ம் இன்ஜின் ஆயில் 40, 50-ம் கெட்டியில ஏறக்குறைய ஒண்ணு. அளவுகோல்தான் வேற. நம்பரைப் பார்த்து மயங்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.) முன்னாடி இருக்கற 80டபிள்யூ குளிருக்கு: 80-ன்னா மைனஸ் 26 டிகிரி வரைக்கும் பாயணும், 85-ன்னா மைனஸ் 12 வரைக்கும். காஷ்மீருக்கு ஆப்பிள் ஏத்தப் போறவங்களுக்குத்தான் இது முக்கியம், இந்தூர் போற எங்களுக்கு இல்ல.

ஒரு பேரல் 210 லிட்டர். ரெண்டு பேரல் வெச்சா எடம் அடைக்கும், பணம் முடங்கும். பட்டறைக்காரர் கஷ்டம் எனக்கும் புரியுது. ஆனா அந்தச் சௌகரியத்துக்கு யார் காசு குடுத்தாங்க? மாசம் பொறந்தா டியூ கட்டற எங்கப்பா 46 ஆயிரம் குடுத்தார். பேட்டாவுல ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெச்ச ஒரு மனுஷன் 12 ஆயிரம் குடுத்தார். ‘டீசல் திருடன்’ங்கற பேர் கூடுதல் இணைப்பு. இங்கிலீஷ்ல அச்சடிச்ச மேனுவலை அவர் படிக்கலைன்னு யாரும் சொல்லாதீங்க. இங்கிலீஷ் படிச்ச நானே அதைத் தொறக்கலை. இப்ப கிளட்ச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. லாரி வருது. பாக்ஸுக்குள்ள அதே மாதிரி பல்சக்கரம்தான், கியர் போடறதுதான் மெஷின். அதுலயும் தப்பான ஆயிலை ஊத்திட்டு யார் தலையில கட்டுவாங்கன்னு பார்க்கணும்.

2019-ல அப்பாவும் நானும் ராசிபுரம் போனோம். அப்பா 12,000 ரூபாயை நீட்டி, “தப்பு எங்க மேலதானப்பா”ன்னார். அண்ணன் வாங்கிக்கிட்டார், காப்பி குடுத்தார். வண்டிக்குத் திரும்ப வரச் சொன்னோம். “இல்லீங்க, கேஸ் டேங்கர்ல ஏறிட்டேன்”னார். எறங்கும்போது என்கிட்ட மட்டும், “நான் அன்னைக்கே சொன்னனே தம்பி”ன்னார்.

டீசல் டேங்க் மேல ‘டீசல்’னு எழுதறோம். பம்பர்ல கலர் கலரா என்னென்னமோ எழுதறோம். அடுத்த எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கும்போது கியர் பாக்ஸ் லெவல் பிளக் பக்கத்துல மஞ்சள்ல எழுதச் சொன்னேன்: ‘80டபிள்யூ-90 ஜி.எல்.-4 மட்டும்’. பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, “அடியில படுத்துப் பார்த்தாத்தான் தெரியும், இதுக்குப் பூ டிசைன் வேணுமா?”ன்னு கேட்டார். வேணும்னேன். 150 ரூபா எச்சா வாங்கினார்.